தொரைக்குக் கும்பிடு போட்ட கேஸ்

ஜட்கா தொழில்ல குதிரைய அடக்கறது சுளுவு, எதிர்ல வர்றவங்களத்தான் அடக்க முடியாது. வண்டி ஓட்டிப் பொழைக்கிற அண்ணன்மாருங்களே, எனக்கு வந்த மாதிரி கேஸ் உங்கள்ல யாருக்கானா வந்துகீதா?

கும்பிடப் போயி

எங்க தங்கவயல்ல ஒரு வழக்கம். சுரங்கத்துத் தொரை எதிர்ல வந்தா ஜட்காவ ஓரம் கட்டி, எழுந்து நின்னு, தலையக் குனிஞ்சு ரெண்டு கையாலயும் கும்பிடணும். அவரு குதிரை வண்டில வந்த வரைக்கும் தொல்ல இல்ல. தூரத்துலயே தெரிஞ்சிடும்.

அன்னிக்கு மாரிகுப்பம் டேசன்ல ஒரு அம்மாவ ஏத்திக்கினு சாம்பியன் ரீப்ஸ் போறேன். தொரை புதுசா வாங்கின மோட்டாரு திருப்பத்துல நடு ரோட்ல சீறிக்கினு வருது. பதறி எழுந்தேன். பழக்கதோசம், லகான உட்டுட்டுக் கும்பிட்டேன்! குதிரை மெரண்டு துள்ளுச்சு. படார்! மோட்டாரு வெளக்கு சில்லு சில்லாப் போச்சு, என் சக்கரம் ஒடஞ்சு வண்டி சாஞ்சிடுச்சு. கீழ உருண்ட அந்த அம்மா மண்ணத் தட்டிக்கினே கேட்டாங்க: "யோவ், கும்பிடறதுக்கு முன்னாடி என்ன எறக்கி உட்டிருக்கக் கூடாதா?"

ஓரம் எங்க?

போலீஸ்காரரு வந்தாரு. என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கல. மோட்டார்ல ஜட்கா மோதுச்சுன்னு எழுதி, கோர்ட்டு சீட்டக் கையில குடுத்து, வண்டியோட பித்தள நம்பர் வில்லையப் புடுங்கிக்கினாரு. வில்ல இல்லாம ஒரு ஆள ஏத்த முடியாது. கேஸ் தோத்தா அது திரும்பவே வராது. அப்பால எம் புள்ளைங்களுக்குக் கஞ்சி ஏது?

"ஐயா, தொரைதான நடு ரோட்ல வந்தாரு"ன்னேன். மேலயும் கீழயும் பாத்தாரு. "நடு ரோடு தொரைக்குத்தான்யா. ஓரம் எங்க கீதுன்னு நீதான் தேடிக்கணும்."

பாத்தவங்க

ஷிப்டு முடிஞ்சு வந்த ஆளுங்க இருவது பேராவது அங்க இருந்தாங்க. சாட்சிக்குக் கூப்பிட்டா ஒருத்தரும் பாக்கலியாம்! என் வண்டிக்குப் பின்னாலயே ஜட்கா ஓட்டிக்கினு வந்தவன் முனுசாமி. "நீயுமா பாக்கல? இன்னாப்பா இது அநியாயம்!"னு கத்தினேன். பாவம், அவன் பொய் சொல்லல. "நானும் கும்பிட்டுக்கினுதான் இருந்தேண்ணா. தரைதான் தெரிஞ்சுச்சு."

கோர்ட்டுல

"லகான ஏன் உட்ட?"ன்னு மேஜிஸ்திரேட்டு கேட்டாரு. "தொரையக் கும்பிடத்தான் சாமி. கும்பிடலன்னா அதுக்கு ஒரு கேஸ் வந்திருக்கும்"னேன். உண்மையான்னு அவரு தொரையக் கேட்டாரு. தொரை சிரிச்சுக்கினே சொன்னத துபாசி எங்களுக்குத் தமிழ்ல சொன்னாரு: கும்பிடறவங்கள அவரு பாக்கறதே இல்லியாம், இடிச்சப்புறந்தான் ஜட்காவையே பாத்தாராம்.

மேஜிஸ்திரேட்டு பேனாவக் கீழ வெச்சாரு. எதிர்ல வர்ற வண்டியப் பாக்காம ஓட்டினது தொரை தப்புன்னு கேஸத் தள்ளி, வில்லையத் திருப்பிக் குடுத்தாரு. வெளிய காத்துக்கினு இருந்த முனுசாமிகிட்ட வில்லையக் காட்டி நடந்ததச் சொன்னேன். அவன் மூஞ்சி செத்துப் போச்சு. "அப்போ இத்தினி வருசமா நாம யாருக்குண்ணா கும்பிட்டோம்?"

கேஸ் ஜெயிச்சும் இடிஞ்சு போயி வீட்டுக்கு வந்தவன் இந்த ஊர்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.