சுருங்கிக்கொண்டே வரும் குவார்ட்டெட்

நான் வண்டியில் குடிக்கிறவன் என்று எங்கள் டிரைவர் கொஞ்ச காலம் நம்பிக்கொண்டிருந்தார். தப்பு என் மேல்தான். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரிப்புக்கும் அடுத்த டிரிப்புக்கும் நடுவே, காலி வண்டியின் கடைசி சீட்டில் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். தட்டி எழுப்பி, "என்னடா மாப்ள பண்ற?" என்றார்.

"மூணாவது குவார்ட்டெட் மாமா. பாதியில இருக்கேன்."

"மூணாவது குவார்ட்டரா? அடப்பாவி, விசில் அடிக்கிற வாயாடா அது? ஊது, மோந்து பாக்குறேன்."

ஊதினேன். காலையில் தின்ற வெங்காய பஜ்ஜி வாசம்தான் வந்தது. அப்புறம்தான் விளக்கினேன். குவார்ட்டெட் என்றால் நாலு பேர் சேர்ந்து வாசிப்பது. இரண்டு வயலின், அதைவிடக் கொஞ்சம் தடித்த வயோலா, காலுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் செல்லோ. எழுதியவர் பனி விழும் ஊர்க்காரர், இன்னும் உயிரோடு இருப்பவர். அவர் பெயரை என்னால் எழுத்துக்கூட்டத்தான் முடியும், வாய்விட்டுச் சொல்ல வராது. அதுவரைக்கும் ஆறு எழுதியிருந்தார். ஆறும் என் போனில் இருந்தன.

பெரம்பலூர் – அரியலூர் தடத்தில் தனியார் பஸ் கண்டக்டருக்கு இது எப்படி ஒட்டியது என்று கேட்பார்கள். தூக்கம் வரவில்லை என்று மழைச் சத்தம் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மழை முடிந்ததும் யூடியூப் தானாகவே அடுத்ததைப் போட்டது. முதலில் போன் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். ஏனென்றால் அதில் எங்கள் பஸ் பிரேக் பிடிப்பது கேட்டது. சுண்ணாம்புக்கல் லாரி மேட்டில் கியர் மாற்றித் திணறுவது கேட்டது. நாள் முழுக்க என்னைக் கொல்லும் அத்தனை சத்தமும் வரிசையாக வந்தன, ஆனால் யாரோ அவற்றை உட்காரவைத்துத் தலை வாரிவிட்டதுபோல இருந்தன. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி புரண்டு படுத்து, "எலி எதுலயோ மாட்டிக்கிச்சுங்க, பாருங்க" என்றாள்.

மூன்றாவதின் முடிவுதான் எனக்கு உயிர். நாலு பேரில் மூன்று பேர் ஒவ்வொருவராக ஓய்ந்துவிடுவார்கள். ஒரு வயலின் மட்டும் உச்சியில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மெலியும். நூலாகி, அப்புறம் நூலின் நினைப்பாகி, கடைசியில் வில்லை எடுக்கிற சிறு உராய்வு கேட்கும். அதற்கும் பிறகு அவர்கள் பதிவு செய்த அறையில் யாரோ அடக்கிய மூச்சை விடுவது கேட்கும். அந்த மூச்சைக் கேட்டுவிட்டுத்தான் நான் அடுத்த டிரிப்புக்கு விசில் அடிப்பேன்.

ஒருநாள் அந்த மூச்சு வரவில்லை. எடுத்துவிட்டார்கள்போல என்று நினைத்தேன். சில வாரம் கழித்து வில்லின் உராய்வும் வரவில்லை. அதன்பிறகு நூல் முன்னைவிடச் சீக்கிரமே அறுந்தது. எங்கேயோ உட்கார்ந்துகொண்டு ஒருவர் என் குவார்ட்டெட்டைக் கத்தரிக்கோலால் நறுக்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஒரே ஆத்திரம். திரையைப் பார்த்தால் கோடு அது பாட்டுக்கு நகர்கிறது, சத்தம்தான் இல்லை. புது ஹெட்போன் வாங்கினேன். அதுவும் நறுக்கியது. போனை மாற்றினேன். காதில் வெதுவெதுப்பாக எண்ணெய் விட்டுக்கொண்டேன். தலைகீழாகத் தொங்கினால் ரத்தம் காதுக்கு வரும் என்று எவனோ வீடியோவில் சொன்னதை நம்பிக் கட்டிலிலிருந்து பாதி உடம்பைத் தொங்கவிட்டேன். வாசற்படியில் நின்று பார்த்த மனைவி, "வவ்வாலாட்டம் தொங்குனா வவ்வாலு காது வந்துருமாங்க?" என்றாள். அதில் பாதிதான் எனக்குக் கேட்டது. கேட்டவரைக்கும் சிரித்தேன்.

காது போகிறது என்று எனக்குச் சொன்னது டாக்டர் இல்லை, ஒரு அம்மாள். எங்கள் தடத்தில் பேரளி என்று ஓர் ஊர், சித்தளி என்று ஓர் ஊர். கூட்டத்துக்குள்ளிருந்து அந்த அம்மாள் கை நீட்ட, எனக்குக் கேட்டது "...ளி" மட்டும்தான். பேரளிக்குக் கிழித்துக் கொடுத்தேன்.

"சித்தளின்னு கத்துறேன், பேரளிக்குக் குடுக்குற? காதுல பஞ்சா வெச்சிருக்க?"

"மன்னிச்சுக்குங்கம்மா. ரெண்டு ஊருக்கும் ஒரே வாலு, தலை தெரியல" என்றேன். வண்டி சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். அன்று முழுக்க எவர் "ளி" என்றாலும், "பெரிய ளியா, சின்ன ளியா?" என்று கேட்டே சமாளித்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். சாயங்காலம், "காமெடி பண்ணது போதும். போய்க் காதைக் காட்டு" என்றார்.

அரியலூரில் ஒரு காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி வைத்த சின்னக் கூண்டுக்குள் உட்காரவைத்தார்கள். வெளியே மெஷினுக்கு முன்னால் ஒரு பெண். "சத்தம் கேட்டா பட்டன அமுக்குங்க சார், எவ்வளவு சின்னதா இருந்தாலும்" என்றாள். பரீட்சை என்றால் பிட் அடித்தே பழகிய ஜென்மம் நான். அவள் விரல் அசைகிறதா என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அசைந்தது, அமுக்கினேன். மறுபடி அசைந்தது, மறுபடி அமுக்கினேன். மூன்றாவது தடவை அவள் விரல் அசையவே இல்லை. ஆனாலும் நிஜமாகவே ஒரு விசில் கேட்டது, மெலிதாக, உச்சியில், மூன்றாவது குவார்ட்டெட்டின் கடைசிச் சுரம்போலவே. அழுத்தமாக அமுக்கினேன்.

அவள் கதவைத் திறந்தாள். "சார், நான் இன்னும் மெஷினையே போடல. வீட்டுக்கு மெசேஜ் அனுப்பிட்டு இருந்தேன்."

"அப்ப நான் கேட்டது?"

"அது உங்க காதே போடுற சத்தம் சார்" என்றவள், நாற்காலியைத் திருப்பி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். அதன்பிறகு நான் அமுக்கியது ரொம்பக் குறைவு.

டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. நரம்பு போனால் போனதுதான், இன்னும் போகும், மேல் ஸ்தாயிதான் முதலில் போகும் என்றார். காதில் மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு பிடிபடும், பாட்டு பழையபடி கேட்காது என்றார். காரணம் கேட்டேன். விசில், ஹாரன், அதோடு அந்த இரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டுமென்று நான் ஏற்றிவைத்த ஹெட்போன் சத்தம். அதாவது அந்த மூச்சைக் கேட்கிறேன் என்று நானே காதைத் தின்றிருக்கிறேன். "சூப்பர் சார்" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் ஏழாவது குவார்ட்டெட் வரப்போவதாக யூடியூபில் போட்டிருந்தார்கள். எழுதி முடித்தாயிற்று, அதே நால்வர் பதிவு செய்கிறார்கள். எனக்கு ஒரே கணக்கு. மற்றது எல்லாம் போகட்டும். இதை ஒரே ஒரு தடவை, முழுசாக, கடைசி மூச்சுவரை கேட்டுவிட வேண்டும். காதுக்கும் அந்த நாலு பேருக்கும் பந்தயம் வைத்துவிட்டு நடுவில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன், அந்த அம்மாள் வாக்குப் பலித்தது. டிரைவர் ஹாரனைக் குறைத்தார். "ஏழாவது குவார்ட்டர் எப்ப மாப்ள?" என்று தினமும் கேட்டார். அவர் வாயைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

பந்தயத்தில் காது தோற்றது. ஏழாவது வந்தபோது பேரளியும் சித்தளியும் எனக்கு முழுசாகவே ஒரே ஊர் ஆகியிருந்தன.

லீவு நாள், மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. ஹெட்போன் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சத்தம் பெருகட்டும் என்று போனை ஒரு சில்வர் சொம்புக்குள் நிறுத்தினாள் மனைவி. "நானும் உக்காருறேன். உங்களுக்கு வுட்டுப்போனத நான் சொல்றேன்" என்றாள். எலிச் சத்தம் என்று காதைப் பொத்தியவள்தான்.

செல்லோ கேட்டது. சொம்பைத் தொட்டால் விரலிலும் கேட்டது. வயோலா வந்து போனது. வயலின்கள் இருக்க வேண்டிய இடத்தில் என் காதே போடும் விசில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்கிறார் என்று தெரிந்தது, எதை எடுக்கிறார் என்று தெரியவில்லை. அப்புறம் செல்லோவும் ஓய்ந்தது. சொம்பு விரலில் அசையவில்லை.

"முடிஞ்சிருச்சா?" என்றேன்.

அவள் சொம்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எனக்குப் புரியும்படி வாயை நன்றாகத் திறந்து, "முடிஞ்சிருச்சுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு எழுந்திருக்கவில்லை. தலை சொம்பின் பக்கம் சாய்ந்தே இருந்தது. முழங்காலில் வைத்த கை அசையவில்லை. எலி, கதவுக் கீச்சு என்றெல்லாம் வைதவள், கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஏதாவது ஒரு ஜோக் அடிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். என் குரல் அவள் கேட்டுக்கொண்டிருப்பதன்மேல் விழுந்துவிடுமே என்று மூடிக்கொண்டேன்.

ரொம்ப நேரம் கழித்து அவள் தோள் இறங்கியது. போனை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சொம்போடு அடுப்படிக்குப் போனாள். போகும்போது முதுகைக் காட்டியபடி ஏதோ சொன்னாள்.

"ம்" என்றேன்.