ஏழாம் தடத்தின் வெள்ளைக் கோடு

சின்ன அண்ணி பத்தொன்பது ஆண்டுகளாக ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறார். குடும்பக் குறிப்பேட்டில் அவருடைய தொழிலை 'பரிசோதகர்' என்ற ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தேன். அது போதாது என்பதால் இதை எழுதுகிறேன்.

பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி தோன்றினால், அதைச் சுற்றிலும் புரத இழைகளாலான வலைப்பின்னல் ஒன்று வேலிபோல நிற்கும். சில கட்டிகள் அந்த வேலியைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. அரித்த வழியே வெளியேறி ரத்தக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் போய்விடுகின்றன. எந்தக் கட்டியில் அந்த நொதி எவ்வளவு என்று பார்ப்பதே அண்ணியின் வேலை. திசுத் துணுக்கை அரைத்து, அதன் சாற்றை ஜெலட்டின் கலந்த மெல்லிய ஜெல் தகட்டின் குழிகளில் விடுவார். மின்சாரம் பாய்ச்சினால் ஒவ்வொரு சாறும் தன் தடத்தில் கீழிறங்கும். மறுநாள் சாயம் ஏற்றினால் தகடு நீலமாகும். நொதி ஜெலட்டினைத் தின்ற இடம் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். கோடு தடித்தால் நொதி அதிகம்.

சென்ற ஆண்டு மார்ச்சில் சின்ன அண்ணனுக்கே அந்தக் கட்டி வந்தது. அவர் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் சட்டங்களுக்குத் திருகாணி பொருத்துபவர். ஆராய்ச்சிக்குத் துணுக்கு தரச் சம்மதமா என்று கேட்ட தாளில் படிக்காமலே கையெழுத்திட்டார்.

"வீட்டுக்காரிக்கு வேலை குடுக்கிறதுக்கு எதுக்குங்க படிச்சுப் பார்க்கணும்?" என்றாராம் செவிலியரிடம்.

கூடத்துக்கு வரும் குப்பிகளில் எண் மட்டுமே இருக்கும். யாருடையது என்று தெரியக் கூடாது. ஆனால் அன்று அண்ணனின் அறுவை ஒன்றுதான் நடந்தது. ஒரு குப்பிதான் வந்தது. அண்ணி யாரிடமும் சொல்லவில்லை.

அறுவையில் எடுத்த நிணக்கணுக்களில் நோய் இல்லை. ஆனால் கட்டி குடற்சுவரைத் துளைத்து வெளியே வந்திருந்தது. நோய் திரும்பாமலிருக்க ஊசி மருந்து போட்டுக்கொள்ளலாம், போடாமலும் இருக்கலாம் என்று மருத்துவர் முடிவை அண்ணனிடமே விட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த மருந்தால் விரல்நுனி மரத்துப்போகும். சிலருக்கு உணர்ச்சி திரும்புவதே இல்லை.

"விரல் செத்துப்போச்சுன்னா நான் கடையில கூட்டிப் பெருக்கத்தான் லாயக்கு," என்றார் அண்ணன். "நீதானே என்னோடதைப் பார்க்கப் போறே? அதுல ஒண்ணும் இல்லேன்னா எனக்கு ஊசி வேண்டாம்."

"அது ஒரு ஆளுக்குப் பார்க்கிற சோதனை இல்லீங்க. நூறு பேருக்கு என்ன ஆகுதுன்னு பார்க்கிறது."

"நூறு பேர்ல நானும் ஒருத்தன்தானே?"

செவ்வாயன்று அந்தச் சாறு ஏழாம் தடத்தில் இறங்கியது. புதன் காலை சாயத்தைக் கழுவியபோது ஏழில் மயிரிழைபோல ஒரு கோடு. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்; எதை ஊற்றினாலும் சிந்துவதால் கூடத்தில் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர்.

"என்னக்கா, ஏழாம் நம்பரைப் பட்டினி போட்டுட்டீங்களா?"

"உன்னை மாதிரி மேசைக்கு ஊட்டலை," என்றார் அண்ணி.

மற்றத் தடங்களில் இருபது மைக்ரோலிட்டர் விட்டிருந்தார், ஏழில் பத்து. இதைச் சொன்னபோது, தெரிந்தே செய்ததா என்று கேட்டேன். "உறிஞ்சுகுழல்ல அளவைத் திருப்பி வெச்சது ஞாபகம் இருக்கு. ஏன்னு ஞாபகம் இல்லை," என்றார். அவர் சொன்னபடியே பதிகிறேன்.

அந்தத் தகட்டை யாரும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். அண்ணி கூடத்தின் ஏட்டில் 'ஏழாம் தடம் பாதி அளவு. பிழை என்னுடையது' என்று எழுதி, அன்றே முழு அளவு விட்டு மறுபடி ஓட்டினார். மாலையில் அண்ணன் "வந்துச்சா?" என்றார். "நாளைக்கு" என்றார் அண்ணி.

வியாழனன்று ஏழில் தீக்குச்சி அகலத்துக்கு வெள்ளை.

"ஏழு ரொம்ப அழகா வந்திருக்கும்மா," என்றார் கூடத்தின் தலைவி. "இதைப் படம் எடுத்து வைங்க."

அண்ணி படம் எடுத்தார். தகட்டைக் கழுவினார். கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டார். பிறகு, அந்த எண் யாருடையது என்று சொன்னார். யாருடையது என்று தெரிந்துவிட்டதால் விதிப்படி ஏழாம் தடம் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.

வீட்டில் அண்ணன் தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"கெட்டியா வந்திருக்குங்க. மொதல்ல பாதிதான் விட்டேன், மெலிசா வந்துச்சு. அதைச் சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்க."

"நீயும் நம்பியிருப்பே."

"இதை வெச்சு முடிவெடுக்கக் கூடாதுங்க. டாக்டரும் அதைத்தான் சொல்லுவார்."

"டாக்டரை விடு. நீ என்ன சொல்றே?"

இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அண்ணி அணைத்தார்.

"போட்டுக்கங்க."

மறுநாள் அண்ணன் சம்மதம் சொன்னார். எட்டுத் தவணை, ஐந்தாவதில் விரல்கள் மரத்தன. இப்போது அவர் கடையின் முன்பக்கத்தில் நின்று சட்டங்களை எடுத்துக் காட்டுகிறார். ஸ்கேனில் இதுவரை ஒன்றுமில்லை. அது மருந்தாலா, மருந்தில்லாமலும் அப்படித்தான் இருந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணனின் சட்டைப் பொத்தான்களைக் காலையில் அண்ணி போட்டுவிடுகிறார், மேலிருந்து கீழாக.