விறகோடு வந்த குஞ்சக்கா

குஞ்சக்கா, இப்படிக் கூப்பிட்டால் "ஓம், வாறன்" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும். அது இனி வராது என்பதற்கு என் வாய் இன்னும் பழகவில்லை. மகேஸ்வரி என்பது உங்கள் பெயர் என்று எங்களில் பாதிப் பேருக்குச் செத்த வீட்டன்றுதான் தெரிந்தது.

அன்று பின்னேரம் நான் புட்டு அவித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கூட்டத்துத் தவம் சைக்கிளை முற்றத்தில் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அக்கா, அடுப்பை நூத்து அணைச்சுப்போட்டு வாங்கோ. அயலிலை செத்த வீடு."

"ஆரடி?"

உங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். சீனி வருத்தத்துக்குப் போடும் ஊசி மருந்து, சண்டையால் மூடிய பாதை திறந்தால் வரும் என்று காத்திருந்தீர்கள். பாதை திறக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாளை உங்கள் எட்டுச் செலவுக்கு, எட்டாம் நாள் படையலுக்கு, நாங்கள் எல்லாரும் கூடும்போது வாசிக்க ஏதாவது எழுது என்று பெண்கள் சொன்னபடியால் எழுதுகிறேன்.

என் மனுசன் வெங்காயம் விற்கப் போன இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. ஒருவர் செத்தால் என்ன செய்வதென்று பண்டத்தரிப்பில் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அயலவர்கள் சோறு கொண்டுபோக வேண்டும். ஆளைக் காணவில்லை என்றால் என்ன செய்வது? அது தெரியாமல் சனம் வேலிப் படலையடியில் நின்று பார்த்துவிட்டுப் போனது. நீங்கள் மட்டும் உள்ளே வந்தீர்கள். கையில் மூடிய சோற்றுச் சட்டி.

"ஏனக்கா சோறு? என்ரை மனுசன் செத்துப்போனாரோ?" என்று கேட்டேன்.

நீங்கள் குசினி வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். உங்கள் ஒரே மகன் சிவத்தைப் பிடித்துக்கொண்டு போய் அப்போது ஒரு வருசம் ஆகியிருந்தது.

"பிழைதான் பிள்ளை. மற்றவைக்குத் தெரியாட்டிலும் எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்" என்று சொல்லிவிட்டுச் சட்டியோடு திரும்பிப் போனீர்கள். கோபித்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் தலையில் விறகுக் கட்டும் மடியில் அரிசியுமாக வந்தீர்கள்.

"செத்த வீட்டிலைதான் அடுப்பு எரியாது. இது செத்த வீடில்லை. எழும்பி மூட்டு."

விறகு ஈரம். நீங்கள் குழலால் ஊத, குசினி முழுக்கப் புகை. "அழுறதெண்டா இப்ப அழு. ஆரும் கேட்டாப் புகையெண்டு சொல்லலாம்" என்றீர்கள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

அதன்பிறகு ஆளைப் பிடித்துப்போன வீடு எதுவானாலும் நாங்கள் விறகோடு போனோம். முதலில் நீங்களும் நானும். பிறகு, தன் மனுசனைத் தேடிக்கொண்டிருந்த தவம். பிறகு மற்றவர்கள். கிணற்றடியில் எங்களுக்கு விறகுக்காரிகள் என்று பெயர் வைத்தார்கள். "விறகுக்காரியள் வெளிக்கிட்டினம். இண்டைக்கு எந்த வீடோ?" என்று ஒருத்தி நக்கலடித்தாள். நீங்கள் வாளியை வைத்துவிட்டு, "உங்கடை வீடா இருக்கக் கூடாதெண்டு நேந்துகொண்டுதான் தங்கச்சி போறம்" என்றீர்கள். அவள் முகம் செத்துவிட்டது.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் உங்கள் முற்றத்தில் கூடியிருந்து எல்லாருமாக வெங்காயப் பிடி கட்டுவோம். ஒருத்தியின் மனுசனைச் சீருடையோடு வந்தவர்கள் கொண்டுபோனார்கள். இன்னொருத்தியின் பிள்ளையைச் சீருடை இல்லாமல் வந்தவர்கள் கொண்டுபோனார்கள். எவள் எந்தப் பக்கமோ என்று ஒருவரை ஒருவர் பார்க்கவே பயந்தோம். "ஆர் பிடிச்சதெண்டு இந்த முத்தத்திலை கேக்கிறேல்லை. எப்ப சாப்பிட்டனி எண்டு கேள்" என்றீர்கள். அது ஒன்றுதான் அங்கே சட்டம்.

ஆட்களைத் தேடி இராணுவக் காம்ப் வாசலுக்குப் போனதை மறக்க முடியாது. ஒரு ஆள் மட்டும் உள்ளே வரலாம் என்றான் காவலுக்கு நின்றவன். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். "ஒராளாப் போனவையளைத்தானே தம்பி தேடிக்கொண்டு திரியிறம். போனா எல்லாரும் போவம்" என்று நீங்கள் றோட்டிலேயே சப்பாணி கட்டி இருந்தீர்கள். நாங்களும் இருந்தோம். வெயில் ஏற, நீங்கள் சோற்றுப் பார்சலை அவிழ்த்து எங்களுக்குக் குழைத்துத் தந்தீர்கள், ஏதோ கோயில் வீதியில் இருப்பது மாதிரி. பின்னேரம் ஒரு அதிகாரி வந்து காணாமற்போனவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு போனான். பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்த வாசலிலும் நான் யாருக்குப் பின்னாலும் ஒளியவில்லை.

தவம் ஒருநாள், "என்னாலை இனி ஏலாது அக்கா. அவருக்கு அந்தியேட்டி செய்யப் போறன்" என்றாள். அந்தக் கிரியையைச் செய்தால் ஆள் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகும். சிலர் கோபித்தார்கள். அவள் விட்டால் மற்றவர்களின் நம்பிக்கையும் போய்விடும் என்றார்கள். "அவளின்ரை வீடு. அவள்தான் சொல்ல வேணும். செத்த வீடெண்டு அவள் சொன்னாச் சோறு. இல்லையெண்டு சொன்னா விறகு" என்றீர்கள். அன்றைக்கு முதலாவது சோற்றுச் சட்டி உங்களுடையதுதான்.

ஆனால் உங்கள் அடுப்பு ஒரு பொழுதும் நூர்ந்து அணையவில்லை. சமைக்க ஒன்றுமில்லாத நாளிலும் பொழுதுபடத் தண்ணீராவது வைப்பீர்கள். சிவம் ஒழுங்கையால் வந்தால் புகை தெரிய வேண்டும். குண்டு போடப் பொம்பர் சுற்றும்போதும் பதுங்குகுழிப் பங்கருக்குள் இருந்து எழும்பி அடுப்படிக்கு ஓடுவீர்கள். "உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதே அக்கா?" என்று கத்துவேன். "பங்கருக்கை ஒரு அடுப்பு வெட்டித் தா, இருக்கிறன்" என்பீர்கள்.

உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோன அன்றுதான் அந்த அடுப்பைக் குளிர்ந்து கண்டேன். கொள்ளி வைத்தது உங்கள் தம்பி. நேற்று எங்களைக் கூப்பிட்டு, "அக்காவின்ரை அந்தியேட்டியோடை பொடியன் சிவத்துக்கும் சேத்துச் செய்துபோட்டு வீட்டைப் பூட்டப் போறன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. எங்கள் வீடென்றால் நாங்கள் சொல்வோம். உங்கள் வீட்டுக்கு யார் சொல்வது? சிவத்துக்கு அந்தியேட்டி வேண்டும் என்று நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. நான் இல்லாவிட்டாலும் அடுப்பை எரியுங்கள் என்றும் சொல்லவில்லை.

என்ன வேண்டும் என்று உங்கள் தம்பி கேட்டார். ஊதுகுழலை எடுத்துக்கொண்டேன். வாய் வைக்கும் பக்கம் தேய்ந்து போயிருக்கிறது. அது இப்போது என் குசினியில் இருக்கிறது. ஈர விறகையும் அது எரிய வைக்கும். உங்களிடமிருந்து எனக்கு அது போதும்.

ஆனால் நாளைக்குச் செலவு முடிந்து பொழுதுபட, விறகுக்காரிகள் எல்லாரும் உங்கள் படலையடியில் நிற்போம். சிவம் இன்னும் வரவில்லை. குஞ்சக்கா, நீங்களே சொல்லுங்கோ, உங்கடை வீட்டுக்கு நாங்கள் சோத்தோடை வாறதோ, விறகோடை வாறதோ?