ஆயரின் சிறையில் கழற்றிய செருப்புகள்

நோர்வேயின் புருசெத்தில் வசிக்கும் உதயகுமாரி, ஒஸ்லோவின் பழைய நகர்ப்பகுதியில் உள்ள சிறிய அருங்காட்சியகம் ஒன்றைப் பத்தொன்பது ஆண்டுகளும் நான்கு மாதங்களும் துப்புரவு செய்தவர். அதன் பின்புறத்தில், ஒருகாலத்தில் நகரத்தை ஆண்ட கிறிஸ்தவ ஆயரின் மாளிகை இடிபாடுகள் கிடக்கின்றன. 2023 மே 14, ஞாயிற்றுக்கிழமை, தமிழருக்கு அந்த இடத்தைச் சுற்றிக்காட்டும்படி பொறுப்பாளர் இங்குன் அவரிடம் சொல்லியிருந்தார். சரிவந்தால் வழிகாட்டி வேலை உதயகுமாரிக்கு. தமிழ் தெரியாத இங்குன் கூடவே நடந்தார்.

இருபத்தொரு பேர் வந்திருந்தார்கள். காலை மழை பத்து ஐம்பதுக்கு விட்டிருந்தது. பூசை செய்கிற ஆயர் நகரத்தை எப்படி ஆண்டார் என்று, லோறென்ஸ்கூக்கிலிருந்து வந்த குலசேகரம் கேட்டார்.

"ஒரே நாளிலை இல்லை, அண்ணை. எங்கடை ஐயரிட்டை முதல் கோயில் பூட்டுத் திறப்பைக் குடுக்கிறம் எண்டு வையுங்கோ. பிறகு வழக்குத் தீர்க்கச் சொல்லுறம். பிறகு கள்ளரை அடைக்கிற மறியல் வீட்டுத் திறப்பும் அவரிட்டை. கடைசியிலை ஊர்ப் படலையைப் பூட்டுறதும் அவர்தான்."

"எங்கடை கோயில் நிர்வாகசபை முதல் திறப்பையே குடுக்காது, பிள்ளை," என்றார் குலசேகரம்.

அடுத்து உதயகுமாரி, இதுதான் ஆயர் தினமும் செபித்த சிற்றாலயம் என்று ஓர் அறையைக் காட்டினார். கேட்டதும் எல்லாரும் செருப்பையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டு, ஈரக் கல்லில் நின்று கைகூப்பினார்கள். கழற்றச் சொன்னவர் எவருமில்லை.

அப்போதுதான் சுவரிலிருந்த இரும்பு வளையம் உதயகுமாரியின் கண்ணில் பட்டது. கையிலிருந்த வரைபடத்தில் அந்த வளையம் சிறையறையில் இருந்தது. ஊரில் வீடு கட்டச் சாத்திரியார் கீறித்தரும் மனைப்படங்களில் மேற்பக்கம் கிழக்கு. அந்தப் பழக்கத்தில் இதையும் அப்படியே படித்திருந்தார். இதில் மேற்பக்கம் வடக்கு. கிழக்கே இருக்கும் ஆலயத்தைத் தெற்கே தேடி, சிறைக்குள் கொண்டுவந்து விட்டிருந்தார்.

வந்தவர்களுக்கு அது தெரியாது. இங்குனுக்கும் பேச்சு விளங்காது. பேசாமல் விட்டால் வேலை கிடைத்துவிடும். உதயகுமாரி கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன். இது ஆலயம் இல்லை. ஆயற்றை மறியல்."

"அப்ப கள்ளரைத்தானே அக்கா கும்பிட்டனாங்கள்?" என்றான் கஜரூபன், பஸ் சாரதி. சிரிப்பு எழுந்தது.

என்ன நடந்தது என்று இங்குன் கேட்டார். உதயகுமாரி ஒன்றையும் மறைக்காமல் நோர்வேஜிய மொழியில் சொன்னார். இங்குன் வரைபடத்தை வாங்கி, வடக்கு அம்புக்குறியைப் பேனாவால் தடிப்பாக்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தையும் காட்டும்படி சொன்னார். முணுமுணுக்காமல் எல்லாரும் பாதணிகளை மாட்டிக்கொண்டு உண்மையான ஆலயத்துக்கு நடந்தார்கள். அங்கே மறுபடியும் கழற்றினார்கள்.

ஜூன் 3, சனிக்கிழமை, உதயகுமாரி வழிகாட்டியாக வேலை தொடங்கினார். அதற்கு முன் அந்த இருபத்தொரு பேருக்கும் ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்து, தன் பிழையைப் பொறுத்துக் கூட வந்ததற்கு நன்றி சொன்னார். அதற்கு இரண்டு மாலைகள் பிடித்தன.