கயிறு கட்டின பிறகு கும்பிடலாம்

சீவரத்தினம் ஐயா போன மாசம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தன் வீட்டுக் கட்டிலில், தூக்கத்திலேயே காலமானார். முப்பத்தொன்றாம் நாளுக்கு அவர் பேரில் சின்னப் புத்தகம் ஒன்று போடுகிறார்கள். "படிச்ச ஆக்கள் கனபேர் எழுதித் தந்திருக்கினம். அவர் பறந்ததைப் பற்றி நீங்கள்தான் எழுத வேணும்" என்று அவர் வீட்டம்மா கனகேஸ்வரி சொன்னார்கள். நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். தெரிந்ததை எழுதுகிறேன். முருகன் துணை.

ஐயா ரயில்வேயில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். வாரமெல்லாம் பேரேடு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஸ்கூட்டரில் சுங்கை பீசி பழைய விமானத் திடலுக்கு வந்துவிடுவார். அங்கே இருந்த கிளப்பில் நான் புல் வெட்டுகிறவன். கிளப்பில் ஒரு பழைய விமானம் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டடுக்கு இறக்கை, எல்லாம் துணி. முன்னால் இரண்டு சக்கரம், வாலில் உள்ளங்கை அளவு ஒன்று. பிரேக் கிடையாது. புது ஆட்கள் அதைத் தொட மாட்டார்கள். ஐயா மட்டும்தான் தொடுவார்.

அதற்குக் கனமெல்லாம் முன்சக்கரத்துக்குப் பின்னால். தரையில் ஓடும்போது காற்று பக்கவாட்டில் அடித்தால் வால் தலையை முந்தப் பார்க்கும். கைவண்டியை முன்பின் மாற்றித் தள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும். நின்ற பிறகும் நம்ப முடியாது. ஒரு காற்று புகுந்தால் குடையைப் போலப் புரட்டிவிடும். அதனால் காற்று நாளில் நான் ஓடிப்போய் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு, கூடவே நடந்து, கயிறு கட்டுகிற இடம்வரை கொண்டு வருவேன். பதினாலு வருஷம் அப்படிப் பிடித்திருக்கிறேன்.

1979-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐயா என்னைக் கூப்பிட்டார். யாரோடும் 'ஐசே' போட்டுத்தான் பேசுவார்.

"பக்கிரி, இவ்வளவு காலம் இறக்கையைப் பிடிச்சீர். ஒருக்கா மேல இருந்தும் பாரும். ஏறும் ஐசே."

மெக்கானிக் வாசு சிரித்தான். "அண்ணே, நீங்க மேலே போயிட்டா இறக்கையை யாரு பிடிக்கிறது? உங்க முருகனா?"

"நீ இருக்கியே லா" என்றேன். முன்சக்கரம் இரண்டுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். வாலுக்கு ஒன்று குறைந்துவிட்டது.

முன்னால் நான், பின்னால் ஐயா. அதைப் பின்னால் உட்கார்ந்துதான் ஓட்ட வேண்டும். பேசுவதற்குக் காதில் ஒரு ரப்பர்க் குழாய். மேலே போனதும் முருகன் குடியிருக்கிற பத்துமலை வெள்ளையாகத் தெரிந்தது. எனக்கு மனசு கலங்கிவிட்டது.

"ஐயா, சுவாமிக்கு மேலே போக வேணாம்."

"சரி" என்றார். மலை உச்சியைவிடத் தாழ்வாக, எட்டவே நின்று ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டு நிமிஷத்தில் திரும்பியிருக்கலாம். எனக்காகச் சுற்றினார். அந்த நேரத்துக்குள் மேற்கே கிள்ளான் பக்கம் வானம் கறுத்துவிட்டது.

திடலுக்கு வந்தபோது மழை இன்னும் விழவில்லை, காற்று மட்டும் முன்னால் வந்துவிட்டது. காற்றின் திசை பார்க்கக் கம்பத்தில் கட்டியிருக்கும் காற்றுப்பை ஒரு நேரம் விறைத்து நிற்கிறது, அடுத்த நேரம் தொங்கிப் போகிறது. கீழே ஓர் ஆள் இல்லை. வாசு சாப்பிடப் போயிருந்தான்.

முதல் தடவை இறங்கினோம். தரை கைக்கு எட்டும் தூரம். ஒரு காற்று எங்களைத் தூக்கி, அப்படியே விட்டது. ஐயா எஞ்சினை முழுதாக முடுக்கி மறுபடி மேலே கொண்டு போய்விட்டார்.

"ஐயா, என்னாச்சு?"

"சரிவரேல்லை. திரும்பிப் போறதில வெட்கமில்லை ஐசே." பிறகு கேட்டார். "புல்லு எங்கே வெட்டியிருக்கிறீர்?"

"மேற்கு ஓரம் ஐயா. முந்தாநாள்."

"பள்ளம்?"

"இல்லை. நானே நடந்து பார்த்தது."

தார் ஓடுபாதையை விட்டார். என் பேச்சை நம்பி, காற்று வருகிற பக்கமாகப் புல்லுக்குத் திருப்பினார். இடது இறக்கையைக் காற்றுக்குத் தாழ்த்தினார். என் காலடியில், வாலைத் திருப்புகிற மிதிகட்டை தானாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது, பின்னால் அவர் கால் மிதிப்பதால். முதலில் இடது சக்கரம் மட்டும் தரையைத் தொட்டது, நொண்டி ஆடுகிற பிள்ளை மாதிரி. பிறகு வலது. கடைசியில் வால். வால் ஒரு தடவை வலப்பக்கம் வெட்டியது. அவர் கால் அதை இழுத்து நிறுத்தியது. ஓடி ஓடி நின்றோம்.

நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "முருகா!" என்றேன். கண்ணையும் மூடிவிட்டேன்.

குழாயில் ஐயா கத்தினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் கத்தி நான் கேட்டதில்லை.

"கும்பிடாதையும்! இறங்கும்! இறக்கை!"

கண்ணைத் திறந்தால் இடது இறக்கை எழும்புகிறது. அந்தச் சக்கரம் புல்லை விட்டுவிட்டது. பெல்ட்டை அவிழ்த்துக் கீழே குதித்து, முன்னால் சுழலுகிற விசிறிக்கு விலகி இறக்கைக்குப் பின்புறமாகவே ஓடி, நுனியைப் பிடித்துத் தொங்கினேன். என்னையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. விடவில்லை. சக்கரம் கீழே வந்தது.

அதற்குப் பிறகு மழை. நான் பிடித்தபடி நடக்க, ஐயா எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி நகர்த்தினார். வாய் மட்டும் முருகா முருகா என்றது. கை இரண்டுக்கும் வேலை இருந்தது. பாதி வழியில் வாசு கயிற்றோடு ஓடி வந்து மறுபக்கம் பிடித்தான். அன்றைக்கு அவன் கேலி பேசவில்லை.

எஞ்சினை நிறுத்தியும் ஐயா இறங்கவில்லை. வால் எழும்பாதபடி, விமானம் ஓட்டுகிற பிடியை வயிற்றோடு சேர்த்து இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

"கட்டியாச்சோ?"

"கட்டியாச்சு ஐயா."

"மூண்டும்?"

"மூணும்தான். வாலையும் கட்டிட்டேன்."

அப்போதுதான் கையை எடுத்தார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். "இப்ப கும்பிடும், பக்கிரி" என்றார். மழையில் மூன்று பேரும் கும்பிட்டோம்.

அவர் அதற்குப் பிறகும் ஏழு வருஷம் பறந்தார். ஒரு கீறல் பட்டதில்லை. நான் பிறகு ஏறவில்லை. கீழே நின்று பிடித்தேன்.

போன மாசம் ஐயாவின் பெட்டியைத் தூக்கும்போது இடது பக்கம் என்னைப் பிடிக்கச் சொன்னார்கள். வாசல் நிறைய ஆட்கள் நின்று கும்பிட்டார்கள். நான் கையை எடுக்கவில்லை. சுடுகாட்டில் இறக்கி வைத்த பிறகு கும்பிட்டேன்.