ரொட்டிக் கடைக்கு வந்த சாவு மொய்

ஜிபார் எனக்கு நாத்தனார். எங்கள் மலையூரான நாரினில் அவளுடைய ரொட்டிக் கடையில் மாவு பிசைவது என் வேலை. அவள் கணவன் மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவள் மாட்டை விற்று தந்தூர் அடுப்பு கட்டினாள். எங்களுக்குச் சம்பளம் தாமதித்தாலும் தாமதிப்பாள், வரி கட்டத் தவறமாட்டாள்.

குளிர்காலத்தில் அவள் மாமனார் மவுத்தானார். "ஓடிப்போனது மகன்தானே அண்ணி, கிழவர் என்ன பண்ணுவார்?" என்று அடக்கச் செலவை அவளே ஏற்றாள். சாவு மொய் இப்போதெல்லாம் கைபேசியில்தான் வருகிறது. அவள் மைத்துனன் கடைச் சுவரில் இருந்த க்யூஆர் அட்டையைப் படமெடுத்து சொந்தக்காரர் குழுவில் போட்டுவிட்டான். மொய் முழுவதும் கடைக் கணக்கில் விழுந்தது. அடக்கத்துக்கே அதுவும் செலவாயிற்று.

நோன்பு மாதத்தில் வங்கிக்காரர்கள் அந்தக் கடைக் கணக்கை முடக்கினார்கள். சின்னக் கடைக்கான விற்பனை வரம்பைத் தாண்டிவிட்டதாம், பெரிய கம்பெனிக்குரிய வரி கட்ட வேண்டுமாம். கடைக் கணக்கிலிருந்து பணம் வந்தால்தான் மாவு ஆலைக்காரன் மூட்டை இறக்குவான். பெருநாளுக்கு ரொட்டி போடாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

வங்கிப் பெண் வரி அலுவலகத்துக்குப் போகச் சொன்னாள். வரி அலுவலகத்தில் வங்கிச் சான்று கேட்டார்கள். வங்கியில் சான்றுக்குக் கட்டணம் கேட்டார்கள். அதையும் முடங்கிய கணக்கிலிருந்துதான் கட்ட வேண்டுமாம்! நான் உள்ளுக்குள் இறைவனிடம் பொறுமை கேட்டேன். ஜிபாருக்கும் சேர்த்தே கேட்டேன்.

மறுபடி வரி அலுவலகத்துக்கே போனோம். அங்கே அதிகாரி மிர்லான் சின்ன வயதுக்காரர்.

"ஒரே வாரத்துல இவ்வளவு வித்திருக்கீங்களே அக்கா?"

"தம்பி, அது மொய்."

"கடைக் கணக்குல வந்தா வியாபாரம்தான்."

"அப்ப எங்க மாமனாரையா வித்தேன்? கிலோ என்ன விலைன்னு போட்டுக்கிட்டீங்க?"

அவர் கணினியைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அனுப்பினவங்க எல்லாரும் நேர்ல வந்து எழுதிக் கொடுக்கணும்."

மறுநாள் ஜிபார் கடையில் இதைச் சொல்லிப் புலம்பினாள். ரொட்டி வாங்க வந்திருந்த உம்சுனாய் அம்மா பையைக் கீழே வைத்தார்.

"எந்த மிர்லான்? என் மகனா? நானும்தானேடி அனுப்பினேன்!"

வரி அலுவலகத்தை நோக்கி அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் ஓடினோம்.

"டேய், செத்த வீட்டுக்கு நான் வச்ச மொய் உனக்கு ரொட்டிக் காசா?"

"அம்மா, இது ஆபீசு..."

"ஆபீசுன்னா? உங்கப்பா மவுத்துக்கு வந்த மொய்க்கு நீ வரி கட்டினியா?"

பக்கத்து மேசைக்காரர் இருமிக்கொண்டு வெளியே போனார். ஆனாலும் மிர்லான் விதியை விடவில்லை. தாயிடமே முதல் தாளை நீட்டி, அனுப்பியது மொய்தான் என்று எழுதச் சொன்னார்.

மலைக் கிராமங்களிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வேன் பிடித்து வந்து எழுதினார்கள். நமக்காக வந்தவர்களை நோன்பு திறக்க வைக்காமல் அனுப்ப முடியுமா? ஜிபார் கடனுக்கு ஆடு வாங்கி அறுத்தாள். "வரியையே கட்டியிருக்கலாம் அண்ணி, மலிவா முடிஞ்சிருக்கும்" என்று எலும்பை வெட்டியபடியே முணுமுணுத்தாள்.

பெருநாளுக்கு முந்தின நாள் கணக்கைத் திறந்துவிட்டார்கள். மாவு வந்தது. பிஸ்மி சொல்லிப் பிசைந்தேன், எல்லா ரொட்டியும் விற்றுப்போனது.

அடுப்பை அணைக்கும்போது ஜிபாரின் கைபேசி ஒலித்தது. உம்சுனாய் அம்மா பெருநாள் காசு அனுப்பியிருந்தார், அதே கடைக் கணக்குக்கு.

ஜிபார் சுவரிலிருந்த அட்டையைப் பிய்த்து என் கையில் திணித்தாள்.

"எடுத்துட்டுப் போய் அந்த அம்மா மகன் மேசையிலயே ஒட்டிட்டு வாங்க அண்ணி!"