தபால்காரரின் பெருவிரல்

சுகாதார நிலையத்தில் அவளுக்கு ‘அஞ்சு நிமிஷ டாக்டர்’ என்று பெயர். வரிசை ஒருநாளும் வாசலைத் தாண்டாது. கை அவ்வளவு வேகம். பதினாறு வருடமாக அதைப் பெருமையாகவே வைத்திருந்தாள்.

தபால்காரர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்த அன்றும் அதே வேகம்தான். வலது கால் பெருவிரலின் அடிமூட்டு வீங்கிச் சிவந்து பளபளத்தது. போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றார். கவுட் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது; ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறுவதால் வரும் மூட்டு நோய், குடிக்கிறவர்களுக்கு அதிகம் வரும். எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டாள். தொட்டதே இல்லை என்றார்.

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க,” என்று சிரித்தாள். வலிக்கு மாத்திரை எழுதி, ரத்தம் எடுக்க அனுப்பினாள். மனைவியின் முகம் போன போக்கை அவள் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். இப்போது இடது கால். மனைவி உள்ளே வர மாட்டேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம்.

“வாயை மோந்து பாத்துட்டுத்தான் தட்டு வைக்கிறா டாக்டர். தபால் பையைக்கூடக் கொட்டிப் பாக்குறா. கடுதாசியைத் தவிர அதுல என்ன இருக்கும்?”

யூரிக் அமிலம் ஏறியிருந்தது. அந்த அளவை எழுத அவருடைய அட்டையைத் திருப்பினாள். ரத்த அழுத்தத்துக்கு நாலு மாதம் முன்பு சேர்த்த மாத்திரை. உடம்பிலிருந்து நீரைப் பிரித்து அழுத்தத்தைக் குறைக்கும். யூரிக் அமிலத்தை உள்ளேயே தங்கவைத்துவிடும். எழுதிக் கொடுத்தது அவளேதான். அன்றைக்கே அட்டையை ஒருமுறை திருப்பியிருந்தால் போதும்.

முகம் சுட்டது. சத்தமில்லாமல் வேறு மாத்திரை எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். இவர் ஏன் எதற்கென்று கேட்கிற ஆளில்லை. பாதி எழுதியும் விட்டாள்.

பிறகு எழுந்துபோய், பெஞ்சிலிருந்த மனைவியைத் தானே உள்ளே அழைத்துவந்தாள். இருவரையும் வைத்துக்கொண்டு சொன்னாள்: பெரும்பாலும் அந்த மாத்திரைதான் இதைக் கிளப்பிவிட்டிருக்கிறது. கொடுத்தது நான். பார்க்காமல் அவர்மேல் பழியைப் போட்டதும் நான்.

மனைவி புருஷனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருபத்தெட்டு வருஷமா இவரைப் பாக்குறேன். நீங்க சொன்ன ஒத்தை வார்த்தையை நம்பிட்டேன்.”

“டாக்டரே சொன்னா யாருதான் நம்ப மாட்டாங்க, விடு,” என்றார் தபால்காரர்.

மனைவியைத் தேற்றத்தான் சொன்னார். டாக்டரால்தான் தலை நிமிர முடியவில்லை.